தோல் தடிப்புகளுக்கான வாய்வழி ஸ்டீராய்டு

தோல் தடிப்புகளுக்கான வாய்வழி ஸ்டீராய்டு என்பது, உடலில் பரவலாகத் தோன்றும் கடும் ஒவ்வாமைத் தடிப்பு, அரிப்பு, வீக்கம் ஆகியவற்றைத் தணிப்பதற்காக உட்கொள்ளப்படும் மருந்தாகும். பிரெட்னிசோலோன், பிரெட்னிசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை அழற்சியை விரைவாகக் குறைக்கின்றன. ஆனால் தடிப்பின் மூலக் காரணத்தை நீக்குவதில்லை.

வரலாறு

1948 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் செலுத்தினர். இவ்வகை இயக்குநீர்கள் பற்றிய ஆய்வுகளுக்காக ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோர் 1950 இல் நோபல் பரிசு பெற்றனர். பிரெட்னிசோன் 1955 இல் பயன்பாட்டுக்கு வந்தது.

செயற்பாடு

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. இம்மருந்துகள் அதனை ஒத்தவை. நோயெதிர்ப்புச் செயற்பாட்டை அடக்குகின்றன. 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், ஏறத்தாழ 20 மில்லிகிராம் கார்ட்டிசாலின் அழற்சி எதிர்ப்பு ஆற்றலுக்கு இணையானது.

நோயாளிகள் உணரும் மாற்றங்கள்

ஒவ்வாமைத் தடிப்புடைய பலருக்கு ஓரிரு நாட்களிலேயே அரிப்பு குறைகிறது. அதே நாட்களில் தூக்கமின்மை, மிகுபசி, படபடப்பு, எரிச்சல் மனநிலை, வயிற்றெரிவு ஆகியவையும் தோன்றலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை உயரும். தூக்கக் கேட்டையும் வயிற்றெரிவையும் குறைக்க, மருந்து பெரும்பாலும் காலை உணவுக்குப் பின் கொடுக்கப்படுகிறது. நீண்டகாலப் பயன்பாட்டினால் முகம் உப்புதல், எடை கூடுதல், எலும்புத் தேய்வு, கண்புரை முதலியன ஏற்படலாம்.

தடிப்பு மீளுதல்

வட அமெரிக்காவில் வளரும் பாய்சன் ஐவி என்னும் செடியைத் தொடுவதால் உண்டாகும் தடிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவ்வொவ்வாமை இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை நீடிக்கும். ஐந்தாறு நாட்களில் மருந்து முடிந்துவிட்டால் தடிப்பு மீண்டும் எழக்கூடும். மருந்து பயனளிக்கவில்லை என நோயாளி கருதினாலும், மருந்துக் காலம் போதாமையே பெரும்பாலும் காரணமாகும். எனவே கடுமையான பாதிப்புக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு, அளவைப் படிப்படியாகக் குறைத்து மருந்து தரப்படுகிறது.

மருந்தை நிறுத்துதல்

சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டால் உடலின் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பு குன்றக்கூடும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, நலமடைந்ததாகத் தோன்றினாலும் மருத்துவரின் அறிவுரைப்படியே அளவைக் குறைக்க வேண்டும்.

நோயறிதலின் தேவை

எல்லாத் தடிப்புகளுக்கும் இம்மருந்து பொருந்தாது. பூஞ்சையால் வரும் படர்தாமரையில் அரிப்பு தற்காலிகமாகக் குறைந்தாலும் தொற்று மேலும் பரவக்கூடும். சொரியாசிஸ் நோயில், மருந்தை நிறுத்தியபின் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். எனவே ஒருவருக்குத் தரப்பட்ட மாத்திரையை, ஒத்த தோற்றமுடைய தடிப்புக்காக மற்றொருவர் உட்கொள்ளுதல் தீங்கு விளைவிக்கக்கூடும்.