என்றென்றைக்கும் என்ற சொல்

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறத்திற்கென ஒதுக்கியபோது, அது விற்கப்படலாகாது, அன்பளிப்பாகத் தரப்படலாகாது, வாரிசுகளைச் சேரலாகாது என்று நிபந்தனை விதித்தார்கள். வக்பு சாசனங்களில் நாம் காணும் 'என்றென்றைக்கும்' என்ற சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆயினும் அச்சொல்லின் வலிமை குறித்து நம் இமாம்களே ஒருமித்திருக்கவில்லை. காழியின் தீர்ப்போ மரணசாசனமோ இல்லாத வக்பைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம் என்றார்கள் இமாம் அபூ ஹனீபா (ரஹ்). வாயால் மொழிந்த அளவிலேயே அது உறுதியாகிவிடும் என்றார்கள் அவர்களின் மாணவர் அபூ யூசுப் (ரஹ்). பிற்கால ஹனபிகள் பெரும்பாலும் மாணவரையே பின்பற்றினர். ஆனால் ஒரு வாசலையும் திறந்து வைத்தனர். பாழடைந்து பயன் தராத வக்புச் சொத்தைக் காழியின் அனுமதியோடு வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்கு இஸ்திப்தால் என்று பெயர்.

நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு இதில் மிகக் கண்டிப்பானது. ஓதும் காலத்தில் அக்கண்டிப்பு நமக்கு மிகையாகவே தோன்றிற்று. மக்ரீஸி எழுதிய கெய்ரோ வரலாற்றைப் படித்த பின் அவ்வெண்ணம் அகன்றது.

மக்ரீஸியின் காலத்திலேயே வாழ்ந்தவர் ஜமாலுத்தீன் யூசுப். மம்லூக் சுல்தான் பரஜின் அரண்மனை நிர்வாகி. ஏதேனும் ஒரு வக்புக் கட்டடத்தின் மீது அவர் கண் பட்டால் போதும். அது வழிப்போக்கருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆபத்தானது என்று சாட்சி சொல்ல இருவர் வருவர். காழி இஸ்திப்தாலுக்குத் தீர்ப்பளிப்பார். சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு, முறையில் ஒரு குறையும் இல்லை!

அவரே ஹிஜ்ரி 811இல் (கி.பி. 1408) அழகிய மதரஸா ஒன்றைக் கட்டி முடித்து, அதற்குச் சொத்துக்களை வக்பு செய்தார். மறு ஆண்டே சுல்தானின் சினத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவருடைய வக்பு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. சுல்தான் அதே மதரஸாவைத் தம் பெயரால் புதிதாக வக்பு செய்தார். சுவரில் இருந்த ஜமாலுத்தீனின் பெயர் அழிக்கப்பட்டுச் சுல்தானின் பெயர் ஏறியது.

1412இல் சுல்தானும் கொல்லப்பட்டார். பின்னர் முஅய்யத் ஷைகின் ஆட்சியில் ஜமாலுத்தீனின் சகோதரர் வழக்காடி மதரஸாவை மீட்டார். கலைத்ததும் காழிமார்களின் தீர்ப்பு. மீட்டதும் காழிமார்களின் தீர்ப்பு.

எகிப்து அரசு 1952இல் குடும்ப வக்புகள் அனைத்தையும் ஒரே சட்டத்தால் நீக்கிற்று. ஜமாலுத்தீனின் கட்டடம் மட்டும் கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் இன்றும் நிற்கிறது.