இருளைக் கொண்டு ஒளியைக் காத்தல்

நெல்லைக் களஞ்சியத்திற் சேர்ப்பதுபோல மின்விசையைப் பேரளவிற் சேர்த்துவைத்தல் எளிதன்று. நிலையங்கள் பிறப்பிக்கும் விசையும் மக்கள் செலவிடும் விசையும் கணந்தோறும் ஒத்திருத்தல் வேண்டும். செலவு மிகுந்தால் பிறப்பாக்கிகளின் சுழற்சி தளர்கின்றது. அத்தளர்ச்சியைக் காட்டும் அளவே மீடிறன். ஐரோப்பாவில் அது செக்கனுக்கு 50 சுற்று. வட அமெரிக்காவில் 60. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், பிறப்பாக்கிகள் பழுதுறாவண்ணம் காப்புக் கருவிகள் அவற்றை விலக்கிவிடுகின்றன. ஒன்று விலக, மற்றவற்றின் பாரம் பெருகுகின்றது, வீழ்ச்சியும் விரைவடைகின்றது.

இவ்வுண்மையை வட அமெரிக்கா 1965 நவம்பர் 9 ஆந் திகதி பெருவிலை கொடுத்துக் கற்றது. மாலை 5 மணி 16 நிமிடமளவில், கனடாவின் நயாகரா ஆற்றங்கரையிலுள்ள சேர் அடம் பெக் இரண்டாம் நிலையத்தில், ஒரு காப்புக் கருவி தான் காத்துநின்ற மின்தொடரைத் துண்டித்தது. தொடரிற் பழுதொன்றும் இருந்ததில்லை. தொடர் தாங்கக்கூடிய வலுவினுங் குறைவான எல்லையொன்று 1963 இல் அக்கருவிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அன்றைய ஓட்டம் அதனைக் கடந்துவிட்டது. பாரத்தை ஏற்ற ஏனைய நான்கு தொடர்களும் மூன்று செக்கனுக்குள் விலகின. ரொறன்ரோவை நோக்கிச் சென்ற விசை திசைமாறி நியூயோர்க் மாநிலத்துட் பாய்ந்தது, இணைப்புகள் சிதறின.

நியூயோர்க் நகரின் மீடிறன் வீழ்ந்துகொண்டிருந்தது. சில பகுதிகளைத் துண்டித்து ஏனையவற்றைக் காக்கும் முடிவை மனிதரே எடுக்கவேண்டியிருந்தது. கிடைத்த அவகாசமோ சில நிமிடங்களே. முடிவு பிந்தியது, 5 மணி 28 நிமிடமளவில் நகரின் பெரும்பகுதி இருண்டது. நிலக்கீழ்ப் புகையிரதங்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அகப்பட்டனர். இருளுற்ற நிலப்பரப்பில் 3 கோடி மக்கள் வாழ்ந்தனர். சிலவிடங்களில் 13 மணி நேரம் ஒளியில்லை.

அதன்பின், குறைமீடிறனை உணர்ந்து தாமாகவே சுமையைக் குறைக்கும் கருவிகள் பரவலாயின. மீடிறன் குறித்த படிக்கு இறங்கியதும், முன்னரே வகுக்கப்பட்ட பகுதிகளை அவை படிப்படியாகத் துண்டிக்கின்றன. மனிதன் சிந்தித்து முடிப்பதற்குள் அவற்றின் வேலை முடிந்துவிடும்.

அவற்றின் பயன் 2006 நவம்பர் 4 ஆந் திகதி இரவு விளங்கிற்று. வட ஜேர்மனியில், பெருங்கப்பலொன்று எம்ஸ் ஆற்றின்வழியே கடலுக்குச் செல்லும்பொருட்டு, ஆற்றின் மேலாகச் சென்ற உயரழுத்தத் தொடர் நிறுத்தப்பட்டது. ஏனைய தொடர்களின் பாரம் மிகுந்து, 10 மணி 10 நிமிடமளவில் ஐரோப்பிய மின்வலை மூன்று துண்டாயிற்று. மேற்குப் பகுதியின் மீடிறன் 49 அளவிற்கு இறங்கியது. கருவிகள் ஏறத்தாழ 17,000 மெகாவாட் சுமையை உடனே விலக்கின. ஒன்றரைக் கோடி இல்லங்கள் ஒளியிழந்தன; ஆயினும் வலை வீழவில்லை. 38 நிமிடங்களில் மூன்று துண்டுகளும் மீண்டும் ஒன்றாயின.

அவ்வில்லத்தார் எக்குற்றமுஞ் செய்தவரல்லர். பிறர் வீட்டு விளக்கு எரியும்பொருட்டே அவர்தம் விளக்கு அணைந்தது. ஆதலின், எப்பகுதியை முதலில் துண்டிப்பது, மருத்துவமனைக்கு எவ்வாறு விலக்களிப்பது என்பன பொறியியல் வினாக்கள் மட்டுமல்ல. நீதியைச் சார்ந்த வினாக்களுமாம். இடர் நேரும் செக்கனில் அவற்றை எண்ணிப்பார்க்க எவருக்கும் நேரமிராது. விளக்குகள் எல்லாம் எரியும் நாளிலேயே அவற்றிற்கு விடை காணுதல் வேண்டும்.