பனி மேல எழுதின பேரு

ஆபீஸ்ல எவ்வளவு ஆணி இருந்தாலும் ரெண்டு வாரமா ஹெட்போன்ல ஓடிட்டு இருக்கிறது ரெண்டே ரெண்டு சேர்ந்திசைப் படைப்புகள்தான். இசை: பிரான்சிஸ் புலாங்க். கவிதை: பால் எலுவார். ரெண்டு பேருமே பிரெஞ்சுக்காரர்கள். வாத்தியமே கிடையாது, முழுக்க முழுக்கக் குரல்.

கொஞ்சம் வரலாறு. 1940-ல் ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்தது. 1942-ல் எலுவார் தணிக்கைக்கு டிமிக்கி கொடுத்து ஒரு தொகுப்பு போட்டார். அதில் 'சுதந்திரம்'னு ஒரு கவிதை. பள்ளிக்கூட நோட்டு, மரம், மணல், பனின்னு கண்ணில் படுற எல்லாத்து மேலயும் ஒரு பேரை எழுதிக்கிட்டே போவார். எந்தப் பேருன்னு கடைசி வார்த்தையில்தான் தெரியும். முதல்ல, தான் காதலிச்ச பெண்ணோட பேரைத்தான் அங்கே வைக்க நினைச்சாராம்! பிரிட்டிஷ் விமானங்கள் இந்தக் கவிதையை நோட்டீஸ் மாதிரி பிரான்ஸ் மேல வீசின.

1943 கோடையில் புலாங்க் இதையும் வேறு ஏழு கவிதைகளையும் சேர்த்து 'மனித முகம்' என்ற படைப்பை எழுதினார். ரெண்டு குழு, ஒவ்வொண்ணிலும் ஆறு குரல்வரிசை, ஆக மொத்தம் 12. இந்த நம்பிக்கையை மனுஷக் குரல் மட்டுமே தாங்கணும்ங்கிறது அவரோட எண்ணம். ஆக்கிரமிப்பு நடக்கும்போதே ரகசியமா அச்சாச்சு. 1945 மார்ச்சில் லண்டனில் பிபிசி குழு முதன்முதலா பாடுச்சு. அதுவும் இங்கிலீஷ்ல! :-)

இப்போ மேட்டருக்கு வருவோம். 1944 ஆகஸ்ட்ல பாரிஸுக்கு விடுதலை கிடைச்சாச்சு. அடுத்து வெற்றிப் பாட்டுதானே வரணும்? அந்த வருஷ கிறிஸ்துமஸ் சமயத்துல, டிசம்பர் 24-லிருந்து 26-க்குள்ள, புலாங்க் எழுதினது 'பனி பெய்த ஒரு மாலை'. எலுவாரின் நாலே கவிதைகள், ஆறு குரல்கள், ஆறேழு நிமிஷம். வேட்டையாடப்படுற மிருகம், காயம்பட்ட காடு, இரவு, குளிர், தனிமை. அவ்வளவுதான்.

அந்த நாட்களை நினைச்சுப் பார்த்தா காரணம் புரியுது. ஆர்டென் காடுகளில் பனிக்கு நடுவே சண்டை நடந்துட்டு இருந்தது. பாரிஸ்ல குளிர் காயக் கரி இல்லை. ஜெர்மனிக்குப் பிடிச்சிட்டுப் போன லட்சக்கணக்கான பேர் இன்னும் வீடு திரும்பலை.

என்னோட புரிதல் இதுதான். கழுத்து நெரிபடும்போது நம்பிக்கையை உரக்கப் பாடியே ஆகணும், வேற வழியில்லை. பிடி தளர்ந்த பிறகுதான் எவ்வளவு குளிருதுன்னே உறைக்கும். அதனால ரெண்டாவது படைப்பை அவநம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பேரை எழுதின இடங்களில் பனியும் ஒண்ணுதானே?

ரெண்டையும் எழுதின வரிசையிலேயே கேளுங்க. முதல் படைப்பு உச்சஸ்தாயியில் முடிஞ்சதும் ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு அடுத்ததைப் போடுங்க.