குறுந்தொகை 40: பத்திரிகையில் போட்ட பாட்டு

அக்கா கல்யாணப் பத்திரிகையில் குறுந்தொகை 40-ஆம் பாட்டைப் போட்டது நான்தான். சாதி விட்டுச் செய்த கல்யாணம். "அவங்க நமக்கு என்ன முறை?" என்று அப்பா கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது என்று அப்போ தோணிச்சு. என் தாயும் உன் தாயும் யாருக்கு யாரோ, நம் தந்தையர் எந்த வகையில் உறவோ என்று ஒருத்தன் வியக்கிற பாட்டாச்சே! அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை.

பாட்டு மொத்தமே ஐந்து அடி. பாடியவர் பெயர் தெரியாது. செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்ற உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆளைத் தொலைத்துவிட்டு உவமையைக் காப்பாற்றியிருக்கிறோம்.

குறுந்தொகையை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அச்சில் கொண்டுவந்தார். 1937-இல் உ.வே.சா. பதிப்பு வந்தது. 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில், தரைக்குக் கீழே இருந்த புத்தக அடுக்குகளில் ஏ.கே. ராமானுஜன் கையில் சிக்கியது அந்தப் பதிப்புதான். அவர் தேடிப் போனது ஏதோ ஒரு இலக்கணப் புத்தகம். 1967-இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாகி, தமிழ் தெரியாதவர்களிடமும் இந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. 1997-இல் 'இருவர்' படப் பாடலுக்குள்ளும் நுழைந்தது.

நான் ரொம்பத் தாமதமாகக் கவனித்தது, பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பை. கூடிய பிறகு இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துத் தலைவன் சொன்னது இது, என்கிறது குறிப்பு. நான் வெற்றிப் பாட்டு என்று நினைத்திருந்தது, பயந்துபோன ஒருத்திக்குச் சொன்ன ஆறுதல்.

இந்தக் குறிப்பும் பாடியவர் எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்பதே பொதுவான கருத்து. அப்படிப் பார்த்தால் இதுவும் யாரோ ஒரு வாசகர் கண்ட அர்த்தம்தான். ஆனால் அந்தப் பழைய வாசகர், பாட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறார். நானோ அப்பாவுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று அக்கா அதை வாசித்தாள். ஒண்ணும் சொல்லாமல் மடித்து வைத்தாள். பிடிச்சிருக்கு போல என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பாட்டைப் படித்தால் அவள் மடித்து வைத்ததுதான் ஞாபகம் வருகிறது. "பயமா இருக்காக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.