ஈயக்குட்டையும் ஏரிப் பூங்காவும்

செராஸ் வட்டாரத்தில் பெர்மைசூரி ஏரிப் பூங்கா என்றொரு பூங்கா உண்டு. மாலை வேளையில் முதியோர் உலாவுவர். சிறுவர் ஓடி விளையாடுவர். பெர்மைசூரி என்னும் மலாய்ச் சொல் அரசியைக் குறிக்கும். பரமேசுவரி என்னும் வடசொல்லே அவ்வாறு திரிந்தது. ஒரு பெயருக்குள்ளே இத்துணைப் பழைமை பொதிந்திருக்குமானால், கோலாலம்பூரைச் சூழ்ந்த நீர்நிலைகளுக்குள் எத்துணை வரலாறு பொதிந்திருத்தல் வேண்டும்! அவற்றுட் பல இயற்கை ஈந்த ஏரிகள் அல்ல. ஈயம் தேடிய மனிதன் தோண்டிய குழிகள். மலேசியத் தமிழர் வழங்கும் 'ஈயக்குட்டை' என்னும் சொல்லே அதற்குச் சான்று.

ஈண்டு ஈயம் என்பது காரீயம் அன்று, வெள்ளீயமே ஆகும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் இதனைக் கொண்டே.

1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் அவர் உடன்பிறந்தார் ராஜா ஜுமாத்தும் 87 சீனத் தொழிலாளரை ஈயம் தேட அனுப்பினர். அவர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறிச் சென்று, கொம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்களுக்குள் அவருள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் 18 பேரே. கோலாலம்பூர் என்னும் மாநகரின் தொடக்கம் இதுவே.

ஈயக்கல் நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்கே. இவ்வேற்றுமையைக் கொண்டே சுரங்கத் தொழில் நடந்தது. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அச்சேற்றை உயரத்துக்கு ஏற்றி, பாலோங் என்னும் சரிவான மரவாய்க்கால் வழியே ஓடவிட்டனர். ஈயம் அடியில் தங்கியது. மணலும் களியும் வெளியே வழிந்தன. தெற்கே சுங்கை பெசியில் இருந்த சுரங்கம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் பெற்றது.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. சுரங்கங்களில் உழைத்தோர் பெரும்பாலும் சீனர். ஆயின் 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடாவுடன் இணைத்து, ஈயத்தைக் கடலை நோக்கிக் கொண்டு சென்ற இருப்புப்பாதையில் தமிழரின் வியர்வை கலந்திருந்தது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தமையும் இதனாலன்றோ?

1985-ஆம் ஆண்டு அக்டோபரில், விலையைத் தாங்கி நின்ற அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நிலைகுலைந்தது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. எஞ்சியவை குழியும் நீரும் மணலுமே.

அத்தகைய நிலத்தைப் பூங்காவாக்குதல் எளிதன்று. மணல் நீரையும் தாங்காது, உரத்தையும் தாங்காது. களியோ வெயிலில் பாளமாய் வெடிக்கும். மழையில் கூழாய்க் குழையும். நல்ல மண் கொணர்ந்து பரப்பி, தழையுரம் இட்டு, வேர்முடிச்சால் நிலத்தை வளப்படுத்தும் மரங்களை முதலில் நட்டாலன்றிப் பசுமை தோன்றாது. ஆயினும் பேரா மாநிலத்துத் தைப்பிங்கில் 1880-ஆம் ஆண்டிலேயே கைவிட்ட சுரங்க நிலம் ஏரிப் பூங்காவாயிற்று. நூறாண்டு கழித்து, 1980-இல் கோலாலம்பூரில் தித்திவங்சா ஏரிப் பூங்கா அவ்வாறே எழுந்தது.

எனினும் எல்லாக் குட்டைகளும் ஒரே கதியை அடைந்தில. தித்திவங்சா பொதுமக்கள் உலாவும் இடமாயிற்று. சுங்கை பெசிச் சுரங்கமோ விடுதிகளும் கடைத்தொகுதியும் சூழ்ந்த வணிக ஏரியாயிற்று. பத்து, ஜிஞ்சாங் வட்டாரக் குட்டைகள் வெள்ளநீரைத் தேக்கி நகரைக் காக்கின்றன. 1971-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தைக் கண்ட நகருக்கு அக்காவல் சிறிதன்று. அவற்றைத் தூர்த்து வீடு கட்டினால், வெள்ளம் தனக்குரிய இடத்தைத் தெருக்களிலே தேடிக்கொள்ளும். ஆகவே எந்தக் குழி எவருக்கு உரியது என்பது அழகைப் பற்றிய வினா மட்டும் அன்று; நகரின் நலத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிடுதல் ஆகாது. அந்நீர் எவ்வாறு அங்கே வந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். அம்பாங் காட்டில் மாண்ட 69 பேரின் பெயர்களை எவரும் அறியார். அவர்கள் தொடங்கிய குழிகளின் கதையேனும் மறவாதிருத்தல், கரையில் நின்று காற்று வாங்குவோர் கடன்.