சாவியைக் கொடுத்துவிட்டு வந்த ஊர்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நெய்வேலி என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. 1983-இல் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தோம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் போனபோது, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பார்த்ததையும் பழையதையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நெய்வேலி என்பது முதலில் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். செம்மண் பூமி. முந்திரி, பலா, கம்பு, மல்லாட்டை விளையும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் தொடக்கம். 1940களில் புவியியல் துறையினர் துளை போட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி என்று உறுதி செய்தார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது இந்தத் திட்டத்துக்காகப் பெரிதும் முயன்றார். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

அடுத்த வருஷம் அப்பா ஸ்டோர்ஸில் எழுத்தராகச் சேர்ந்தார். என்னைப் பாட்டி வீட்டில் விட்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டிருந்ததால், லீவுக்கு லீவுதான் நெய்வேலி. கடலூரில் பஸ் மாறி, வடலூர் தாண்டியதும் ஜன்னலில் செம்புழுதி அடிக்கத் தொடங்கும். அந்த வாசனை வந்தால் அம்மா வந்துவிட்ட மாதிரி.

கரிக்கு மேலே 150 அடிக்குக் குறையாமல் மண். அதை அள்ள ஜெர்மனியிலிருந்து சக்கர வாளி இயந்திரங்கள் வந்தன. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் இன்னொரு தொல்லை. இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்காவிட்டால், அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. அப்பா ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். கல் போலக் கனக்கவில்லை. மரத்தின் நார் அப்படியே தெரிந்தது. பள்ளியில் எங்கள் வாத்தியார் அதை ‘லிஞித்’ என்று உச்சரித்து, மரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றார். வகுப்பில் அதைக் கையில் தொட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

1962 மே மாதம் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. சோவியத் உதவியில் கட்டிய அந்த அனல்மின் நிலையம் 1970-இல் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. மெயின் பஜாரில் ரஷ்யக்காரர்கள் காய்கறி வாங்குவதைப் பின்னாலேயே போய் வேடிக்கை பார்ப்போம். வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், வீட்டுக்கு வீடு தோட்டம், குழாயைத் திறந்தால் தண்ணீர். லெக்கோ வந்த பிறகு அம்மா விறகை மறந்தார். எந்த ஜாதி, எந்த மாவட்டம் என்று கேட்காமல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். மலையாளமும் தெலுங்கும் தெருவிலேயே கற்றுக்கொண்டோம். இவ்வளவும் உண்மை. நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்மை.

எங்கள் வீட்டுக்கு மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பால் ஊற்றுவார். நான் சுரங்கம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், “எந்தப் பக்கம் பாத்த தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். “அங்கதான் எங்க முந்திரித் தோப்பு இருந்துச்சு, கெணறு இருந்துச்சு” என்று கையை நீட்டினார். “அங்க ஒண்ணுமே இல்லியே, பள்ளம்தான் இருக்கு” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார். அவருக்கு என்ன கிடைத்தது, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்கு அப்போது வயசு இல்லை. கேட்கிற வயசு வந்தபோது அவர் வருவது நின்றிருந்தது.

இப்போது அந்தப் பள்ளமும் அங்கே இல்லை. கரி எடுத்த இடத்தை மண் போட்டு மூடி மரம் வைத்திருக்கிறார்கள். சுரங்கம் நகர்ந்து போய்விட்டது. இரண்டாவது சுரங்கம், இரண்டாவது மின் நிலையம் என்று எல்லை விரிந்தது. பழைய முதல் மின் நிலையத்தை 2020-இல் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயசில் திசை தெரிந்துகொள்ள நாங்கள் பார்த்த புகை இப்போது வானத்தில் இல்லை. நிறுவனத்தின் பெயரும் 2016-இல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் கூடிவிட்டார்கள். நான் நடந்த சில தெருக்களில் குவார்ட்டர்ஸ்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கிணறு வெட்டினால் தானே பொங்கிய பூமியில், சுற்றுக் கிராமத்துக்காரர்கள் இப்போது எத்தனை அடி போர் போட்டோம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

நகரியத்தில் யாரும் வயசாகி வாழ முடியாது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். விட மனமில்லாதவர்கள் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் வடலூரிலும் மனை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஊரின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சாவி கொடுத்த அன்று அப்பா இரவு சாப்பிடவில்லை. ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களே என்று ரொம்ப நாள் எனக்கு ஒரு குறை இருந்தது.

2023 ஜூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வரப்பில் நின்று ஒருவர் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரம்மா கை நீட்டியது ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்கு என்றைக்குக் கிளம்ப வேண்டும் என்று 25 வருஷம் முன்னாலேயே தெரியும். கிளம்பும்போது கையில் பி.எஃப். பணம் இருந்தது. அதை ஊர் இழந்த கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நாங்கள் இருந்த வீட்டைப் போன மாதம் கண்டுபிடித்துவிட்டேன். பூட்டியிருந்தது. அம்மா வைத்த கொய்யா மரம் மதிலுக்கு மேலே தெரிந்தது. கூட வந்த பேத்தியிடம், “இதுதான் நாங்க இருந்த வீடு” என்று காட்டினேன். எனக்குக் காட்டுவதற்கு ஒரு வீடாவது மிச்சம் இருக்கிறது.