பத்து மடங்கு லென்ஸும் ஒரு பித்தளை வளையமும்

மலருக்குக் கல்லூரி வரலாறு எழுதச் சொன்னார்கள். கட்டடங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது நம் திரைப்படக் குழு இரவல் வாங்கிய ஒரு லென்ஸின் வரலாறு.

அது பிரெஞ்சு நாட்டு ஆஞ்சனியூ, 12 முதல் 120 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். பியர் ஆஞ்சனியூ 1935-ல் தொடங்கிய கம்பெனி. சினிமாவுக்கு ஜூம் 1932-லேயே, குக் வாரோ என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனால் 16 எம்.எம். காமிராவில் பத்து மடங்கு ஜூமைப் பரவலாக்கியது 1960-களில் வந்த இந்த ஆஞ்சனியூதான்.

1984-ம் வருடம். கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். சிதம்பரம் நாட்டியாஞ்சலி 1981-ல் தொடங்கியிருந்தது. அதைப் படம் பிடிக்க எங்களுக்கு ஆசை. மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணன், எங்களை நம்பி ஆரிஃப்ளெக்ஸ் காமிராவோடு லென்ஸைக் கொடுத்தார். உப்புக் காற்றில் கிரீஸ் இறுகியிருந்தது, கண்ணாடியில் பூஞ்சை. அவரிடம் கேட்காமலே ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தோம். வளையம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. ஆனால் 120-ல் பளிச்சென்று தெரிந்த முகம், 12-க்கு வந்ததும் கலங்கிப் போனது!

சிவராத்திரிக்கு ஆறே நாள். பஸ் ஏறி கோடம்பாக்கம் போனேன். பெரியவர் ஒருவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். "தம்பி, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. தூரம்தான் தப்பு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஆரிஃப்ளெக்ஸில் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே சரியாக 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் நூலளவு தவறினாலும், 120-ல் முன்வளையத்தைத் திருகிக் குறையை மறைத்துவிடலாம். 12-ல் மறைக்க முடியாது. பிரித்தபோது மெல்லிய பித்தளை வளையம் ஒன்று விழுந்துவிட்டிருந்தது. கோலிமேட்டரில் பார்த்துப் பார்த்து, வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிசெய்தார். பிறகு சுவரில் நட்சத்திரக் கோடு போட்ட அட்டை. துவாரத்தை முழுக்கத் திறந்து, 120-ல் ஃபோகஸ் வைத்து, வளையத்தைத் தொடாமல் 12-க்கு வந்தார். கோடுகள் அப்படியே நின்றன.

100 அடி ரோல் ஒன்று இரண்டே முக்கால் நிமிடம்தான் ஓடும். மூன்று ரோலை வைத்துக்கொண்டு கோயிலில் விடிய விடிய நின்றோம்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணன்கிட்ட சொல்லாதடா, அதான் சரியாயிடுச்சே" என்றான் நண்பன். எனக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னியே, அது போதும். இனிமே எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி அடையாளம் போட்டு வைடா" என்றார்.

மாணவத் தம்பி தங்கையரே, பழைய லென்ஸ்களை இன்று டிஜிட்டல் காமிராவில் மாட்டும்போதும் இந்த அட்டைச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

நண்பர்களே, அந்த மூன்று ரோல்களில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? டப்பாவைத் திறந்தால் புளித்த காடி வாசனை வந்தால் தாமதிக்க வேண்டாம். ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கூட்டத்துக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள்.